கைவேலைக்குக் கருணை மதிப்பெண் வேண்டாம்

"கையால் செய்த பொருளைக் குறை சொல்லக் கூடாது" என்று ஒரு புதிய ஆசாரம் நம்மிடையே பரவி வருகிறது. மண்பானை ஒழுகினால், "கைவேலை அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். துண்டு முதல் சலவையிலேயே சாயம் விட்டால், "இயற்கைச் சாயம்" என்று பெருமையோடு சொல்கிறார்கள். இப்போது கத்திக்கும் இந்தச் சலுகை வந்துவிட்டது. பானை ஒழுகினால் தரை நனையும், அவ்வளவுதான். கத்தி தவறினால் விரல் போகும். ஆகவே கத்தி விஷயத்தில் இந்த ஆசாரத்தை நான் ஏற்கப் போவதில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பழமொழி. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இதையே குதிரையை வைத்துச் சொல்லித் தந்தார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரு சொல்லைக் கவனமாகப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்: தானமாக வந்த மாடு, தானமாக வந்த குதிரை. காசு கொடுத்து வாங்கிய மாட்டைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பல்லையும் பிடித்துப் பார்க்கலாம், பாலையும் கறந்து பார்க்கலாம்.

இதை எழுதத் தூண்டியது என் பேரன் வாங்கிய ஒரு கத்தி. வேலைக்குப் போன பிறகு மலையேறும் நண்பர்களோடு சேர்ந்துகொண்டான். அவர்களுக்குள் இப்போது "புஷ்கிராஃப்ட்" கத்தி என்றால் பெரிய மோகம். காட்டில் தங்கும்போது விறகைப் பிளக்க, சுள்ளியைச் சீவி நெருப்பு மூட்ட, கூடார முளை செதுக்க, கயிறு அறுக்க, சமையலுக்குக் காய் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. மடக்குக் கத்தி அல்ல. அலகின் இரும்பே பிடிக்குள்ளும் நீண்டு போயிருக்கும். அலகு நான்கு அங்குலம், முதுகு மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம், இடுப்பில் தொங்கவிட ஒரு தோல் உறை.

இது குளிர்நாட்டுக் காடுகளில் பிறந்த பொருள். பின்லாந்தில் "பூக்கோ" என்கிற இடுப்புக் கத்தி பல தலைமுறைகளாக உண்டு. ஸ்வீடனில் மோரா என்னும் ஊர் கத்திக்கே பேர்போனது. அந்த மரபை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் கனடாவின் மோர்ஸ் கோச்சான்ஸ்கியும் இங்கிலாந்தின் ரே மியர்ஸும் முக்கியமானவர்கள். அந்த மாதிரியைப் பார்த்து இப்போது நம் நாட்டிலும் சில இளைஞர்கள் சிறிய பட்டறை வைத்துச் செய்து விற்கிறார்கள். பேரன் வாங்கியதும் அப்படி ஒருவரிடம்தான். ஈட்டி மரப் பிடி, பழுப்புத் தோல் உறை, பார்க்க லட்சணமாக இருந்தது. விலை, அவன் மாதச் சம்பளத்தில் கண்ணை உறுத்துகிற ஒரு பங்கு.

"சோதித்துப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"பாவம் தாத்தா, தனியாளா கையால செய்யறவரு. அதையெல்லாம் நோண்டக் கூடாது" என்றான்.

அந்தப் "பாவம்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

அரசாங்க உத்தியோகத்தில் சில வருஷம் நான் பண்டகசாலைப் பிரிவில் இருந்தேன். மேசை, நாற்காலி முதல் மைப்புட்டிவரை வந்து இறங்கும். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் "எண்ணிப் பார்த்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. என்னைக் கடுகடுப்பான ஆள் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒழுங்காகச் சரக்குக் கொடுத்த தச்சர்கள் யாரும் என்மேல் வருத்தப்பட்டதில்லை. தம் சரக்கைச் சோதிப்பவனைக் கண்டு நல்ல தொழிலாளி பயப்படுவதில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவனால்தான் அவனுக்கு நஷ்டம். நல்ல நாற்காலிக்கும் ஆடுகிற நாற்காலிக்கும் ஒரே கையெழுத்து விழுந்தால், நல்ல நாற்காலி செய்தவன் எதற்காக மெனக்கெட வேண்டும்?

ஒரு பக்கம் இரக்கக் கூட்டம் என்றால், இன்னொரு பக்கம் சர்க்கஸ் கூட்டம். கத்தியைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு அதால் ஆணியை வெட்டுகிறார்கள், செங்கல்லில் அடிக்கிறார்கள், மரத்தில் குத்தி அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். இதில் என்ன தெரிந்துகொள்ள முடியும்? நாலங்குலக் கத்தியின்மேல் எந்தக் காட்டிலும் யாரும் ஏறி நிற்பதில்லை. எந்த வேலைக்காகச் செய்ததோ அந்த வேலையைக் கொடுத்துப் பார்ப்பதற்குத்தான் சோதனை என்று பெயர். இரக்கக்காரர் சோதிப்பதே இல்லை, சர்க்கஸ்காரர் சம்பந்தமில்லாததைச் சோதிக்கிறார். கத்தி செய்தவனுக்கு இரண்டாலும் ஒரு காசுக்குப் பிரயோஜனம் கிடையாது.

நம் தலைமுறைக்கு இது புதிய சங்கதி அல்ல. சந்தையில் அரிவாள் வாங்கும் விவசாயி என்ன செய்வார்? முதலில் அலகைச் சுண்டி ஓசை கேட்பார். கண்ணுக்கு நேரே பிடித்து முதுகு கோணலா என்று பார்ப்பார். கட்டைவிரலைக் கூரின் குறுக்கே மெல்ல வருடிப் பார்ப்பார். பிறகுதான் மடியிலிருந்து காசு வெளியே வரும். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் ஊர் பெயரே முத்திரையாகிவிட்டது. இரக்கப்பட்டு வாங்கியவர்களால் அந்தப் பெயர் வந்ததா? சுண்டிப் பார்த்து வாங்கியவர்களால் வந்தது.

நான் பேரனை உட்கார வைத்துச் சொன்ன சோதனைகளை இங்கே எழுதுகிறேன். வீட்டுக் கொல்லையிலேயே செய்யலாம்.

முதலாவது கண். முதுகு நேராக இருக்கிறதா, மரப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் அதில் தண்ணீர் இறங்கும், உள்ளே துரு பிடிக்கும். வெளியே தெரியாத துருதான் பிடியைக் கழற்றும்.

இரண்டாவது கை. காய்ந்த சவுக்குக் குச்சியை எடுத்து, நுனியில் சுருள் சுருளாகச் சீவல் நிற்கும்படி அரைமணி நேரம் சீவுங்கள். ஈர விறகிலும் நெருப்புப் பற்றவைக்க உதவுவது இந்தச் சீவல்தான். அரைமணி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து நிமிஷத்தில் எந்தப் பிடியும் சுகமாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் எந்த இடம் கன்றிப்போகிறது என்பது இருபது நிமிஷத்துக்குப் பிறகுதான் தெரியும்.

மூன்றாவது அடி. மணிக்கட்டுப் பருமன் விறகின் தலையில் கத்தியை வைத்து, முதுகில் மரக்கட்டையால் தட்டிப் பிளக்க வேண்டும். இரும்புச் சுத்தியால் தட்டுவது அநியாயம், மரக்கட்டையால் தட்டுவது நியாயம். நாலு கட்டை பிளந்த பிறகு பிடி ஆடுகிறதா என்று பாருங்கள்.

நான்காவது கூர். கூரை மேலே வைத்து, விளக்கு வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் புள்ளியாக மினுக்கும். கணுவில் வெட்டியபின் கூர் மடங்கியிருந்தால் இரும்பு மெத்து. பல் போல உதிர்ந்திருந்தால் இரும்பு முறுக்கு. பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் அது கண்ணாடி போல விறைக்கும். பிறகு சுமார் 200 டிகிரியில் மறுபடி இளஞ்சூடு காட்டி அந்த விறைப்பைத் தணிக்க வேண்டும். இந்த இரண்டாவது சூட்டில் அவசரப்பட்டவன் கத்தி உதிரும், அதிகமாகக் காட்டியவன் கத்தி மடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம், பளபளப்புக்கு அல்ல.

ஐந்தாவது கல். மழுங்கிய கத்தியை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டிப் பாருங்கள். பூக்கோ வகைக் கத்தியில் இரு பக்கமும் ஒரே அகலமான சரிவுதான் உண்டு. அந்தச் சரிவைக் கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் கூர் தானே வரும், கோணத்தைக் கணக்குப் போட வேண்டியதில்லை. காட்டில் சாணை பிடிப்பவன் சைக்கிளில் வரமாட்டான். சாதாரண ஆள் கால்மணி நேரத்தில் தீட்ட முடியாத கத்தி, எவ்வளவு உசத்தியான இரும்பானாலும் காட்டுக்கு உதவாது.

பேரன் வாங்கிய கத்தி இந்த ஐந்திலும் தேறியது. பிடியின் பின்பக்கம் சற்றுக் கன்றியது, அவ்வளவுதான். இரும்பு முதல் தரம். அப்போதுதான் உறைக்கு வந்தோம்.

உறை என்பது கத்தியோடு இனாமாக வரும் பை என்று நினைப்பவர்கள் அதிகம். கத்தி கையில் இருக்கும் நேரத்தைவிட உறையில் இருக்கும் நேரம்தான் எத்தனையோ மடங்கு அதிகம். இடுப்பில் கூரான இரும்பைக் கட்டிக்கொண்டு பாறையில் சறுக்குகிறவனுக்கும் அவன் தொடை நரம்புக்கும் நடுவில் இருப்பது அந்தத் தோல் ஒன்றுதான். நம் பனையேறிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். பாளை சீவும் அரிவாளைப்போல் கூரானது வேறில்லை. அதைப் பெட்டியில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மரமேறுவார்கள். அந்தப் பெட்டியை அலங்காரம் என்று எந்தப் பனையேறியும் சொன்னதில்லை.

தோல் உறையில் பார்க்க வேண்டியவை இவை. கத்தியைப் போட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறினால் விழக் கூடாது. ஒரு கையால் எடுக்கவும் போடவும் முடிய வேண்டும். நனைத்துக் காயவைத்தபின் சுருங்கியோ தளர்ந்தோ போகக் கூடாது. மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் இதற்கு ஏற்றது. அதை ஈரத்தில் கத்தியின் வடிவத்துக்கு அழுத்தினால் காய்ந்தபின் அந்த வடிவிலேயே நிற்கும். நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் "ஈஸ்ட் இந்தியா" தோல் என்ற பெயரோடு ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சீமைக்குக் கப்பலேறியது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், கைப்பைக்கு நல்லது. கத்தி உறைக்கு அந்த மெத்துத்தான் குற்றம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரண்டு தோலுக்கும் நடுவே விளிம்பில் வைக்கும் ஒரு தோல் பட்டை. இடைத்தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தியை உள்ளே தள்ளும் ஒவ்வொரு முறையும் கூர் அந்த விளிம்பில்தான் உரசும். இடைத்தோல் இருந்தால் உரசல் தோலோடு போகும். இல்லாவிட்டால் கூர் நேராகத் தையல் நூலை அறுக்கும்.

இந்த உறையில் இடைத்தோல் இல்லை. ஒரு வாரம் எடுத்தும் போட்டும் பழகியதில் நுனிப்பக்கம் நாலு தையல் அறுந்து, கத்தி முனை அரை அங்குலம் வெளியே எட்டிப் பார்த்தது. மலையில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போதும் பேரன், "நூல் போட்டுத் தைத்துக்கறேன் தாத்தா, அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்றான். நான் விடவில்லை. நானே ஒரு கடிதம் எழுதினேன். கத்தி தேறிய ஐந்து சோதனைகளை முதலில் எழுதி, உறையின் குறையை அடுத்து எழுதி, படமும் வைத்து அனுப்பினேன். இரண்டு நாளில் அந்த இளைஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, இதை இதுவரைக்கும் எனக்கு யாருமே சொன்னதில்லையே" என்றார். கத்தி வேலையை ஒரு பெரியவரிடம் இருந்து கற்றாராம். தோல் வேலை தானாகப் பார்த்துச் செய்தது. "சொல்லாமல் விட்டது உங்களுக்குச் செய்த மரியாதை இல்லை தம்பி" என்றேன். இடைத்தோல் வைத்த புது உறை வந்து சேர்ந்தது. காசு வாங்க மறுத்தார்.

யோசித்துப் பாருங்கள். அவரிடம் முன்பு வாங்கியவர்கள் எல்லோரும் படம் போட்டார்கள், புகழ்ந்தார்கள், இதயச் சின்னம் வைத்தார்கள். ஒருவர்கூட உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்க்கவில்லை. பார்த்தவர் யாராவது இருந்தால் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார். அந்த இரக்கத்தின் பலனாக, இடைத்தோல் இல்லாத உறைகள் இன்னமும் எத்தனை பேர் இடுப்பில் தொங்குகின்றனவோ!

நான் படித்த மொழியில் "எப்ரேவ்" என்று ஒரு சொல் உண்டு. பரீட்சைக்கும் அதே சொல், கஷ்டத்துக்கும் அதே சொல். பிரெஞ்சுக்காரர்களின் கத்திகள் அந்த இரண்டு அர்த்தத்திலும் தேறியவை. ஓவெர்ஞ் பகுதியில் தியேர் என்கிற ஊர் நூற்றாண்டுகளாகக் கத்தி ஊர். துரோல் ஆற்று நீரால் சுழலும் சாணைக்கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தி தீட்டுவார்கள். கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேறு வயிற்றில் அப்பியதால் அவர்களுக்கு "மஞ்சள் வயிற்றுக்காரர்" என்றே பெயர். குளிருக்கு இதமாகக் காலின்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். இவ்வளவு பாடுபட்டுச் செய்த கத்தியைக் கருணை மதிப்பெண் போட்டு வாங்குவது அந்த வயிறுகளுக்குச் செய்யும் அவமரியாதை.

சவோயா மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தியைப் புதுச்சேரியில் பலர் பார்த்திருப்பீர்கள். சொல்தா வீடுகளில் மேசை இழுப்பறையில் கட்டாயம் ஒன்று கிடக்கும். நல்ல கத்தி, மலிவான கத்தி. ஆனால் மழைக்காலத்தில் பீச் மரப் பிடி ஊறி, அலகு வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர் யாரும் இதை மறைத்துப் பேசுவதில்லை. பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். அதற்குச் "சவோயாக்காரன் தட்டு" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அலகு தானாக மடங்கி விரலை வெட்டாமல் இருக்க ஒரு பூட்டு வளையம் 1955-இல் வந்தது. குறையைச் சொன்னதால் அந்தக் கத்தி அழியவில்லை, வளையம்தான் வந்தது.

வெறும் பெயருக்குத் தலையாட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் பிரான்சிலேயே உதாரணம் உண்டு. லாகியோல் என்பது அவெரோன் பகுதியில் ஒரு சிற்றூர். அந்த ஊர் பெயரில் விற்கும் கத்திகளில் பெரும்பகுதி அந்த ஊரில் செய்ததே அல்ல. தியேரிலும் செய்கிறார்கள், சீனாவிலிருந்தும் வருகிறது. பிடியின்மேல் ஈ போன்ற ஒரு சின்னம் இருந்தால் போதும் என்று வாங்குபவன் இருக்கும்வரை, ஈயை ஒட்டி விற்பவனும் இருப்பான். "கைவேலை" என்ற சொல்லும் நாளை அந்த ஈ மாதிரி ஆகிவிடும். இயந்திரத்தில் அறுத்த கத்தியில் சுத்தியல் தடம்போல நாலு குழி போட்டுக் "கையால் அடித்தது" என்று விற்பது கஷ்டமான காரியமா? சோதிக்காதவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

என்னோடு வாதாடுபவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்க மாட்டேன். தனியாளாகத் தொழில் செய்பவனைப் பற்றி ஒருவன் பொதுவெளியில் கண்டபடி எழுதிவிட்டால், அந்தப் பட்டறையில் அடுத்த மாதம் உலை எரியாது. பெரிய கம்பெனிக்கு அது கொசுக்கடி, இவனுக்கு அது பாம்புக்கடி. உண்மைதான். அதனால்தான் சொல்கிறேன்: முதலில் அவனிடம் சொல்லுங்கள். திருத்த அவகாசம் கொடுங்கள். நல்லதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்வது கடைசிப் படி.

இன்னொன்றும் உண்டு. பேரம் பேசி விலையைப் பாதியாக்கியவர்கள் முழுச் சோதனை நடத்த உரிமை கொண்டாட வேண்டாம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். நம் ஆட்கள் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். விலையில் ஈவிரக்கமில்லாமல் அடித்துப் பேசுவார்கள், தரத்தில் இரக்கம் காட்டுவார்கள். விலையில் தாராளம், தரத்தில் கறார் என்பதுதான் முறை.

ஆலைக் கத்தியில் குறை கண்டால் யாரிடம் போய்ச் சொல்வது? பெட்டியில் ஒரு தொலைபேசி எண் இருக்கும், அதில் பாட்டுக் கேட்கலாம். கைவேலைக் கத்திக்கு இருக்கும் ஒரே பெரிய லாபம், அதைச் செய்த மனிதன் இருக்கிறான், அவனுக்குக் காது இருக்கிறது, அடுத்த கத்தியை மாற்றிச் செய்யக் கையும் இருக்கிறது என்பதே. அடித்து அடித்துத்தான் கொல்லன் கொல்லனாகிறான் என்று பிரெஞ்சில் சொல்வார்கள். அவன் அடிப்பது சரியா என்று சொல்ல வாங்கியவன் வேண்டாமா? வாயைத் திறக்காமல் புகழ்ந்துவிட்டுப் போகிறவன், கைவேலைக்கு விலை கொடுத்துவிட்டு அதன் லாபத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறான்.

ஆகையால், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஒரு கத்தி வாங்கி வந்தால் "அழகாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். நாலு சவுக்குக் குச்சி எடுத்துக் கொடுங்கள். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறச் சொல்லுங்கள். காட்டிலிருந்து திரும்பியதும் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், நம் கடற்காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும். குறை கண்டால் செய்தவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குறை இல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள், சோதித்துப் பார்த்தபின் எழுதுகிறேன் என்று. அந்த ஒரு வரி, சோதிக்காமல் எழுதிய நூறு புகழுரைகளைவிட அவருக்குப் பெரிய கூலி.